ன-வுக்கும் ம-வுக்கும் ஒரு புள்ளி

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பையன்கள் லீவுக்குத் திண்டுக்கல் வந்தால், பிரியாணி சாப்பிட்ட கை காய்வதற்குள் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். "அங்கிள், கீபோர்டு லேஅவுட் வித்தியாசமா ஏதாச்சும் சிக்குச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. நலமா என்று கேட்பதெல்லாம் அப்புறம்தான். ஒவ்வொரு கீபோர்டாக எடுத்துக் காதருகே வைத்துத் தட்டிப் பார்க்கிறார்கள். என் வீட்டுக்காரி, "நம்ம மகளைப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இம்புட்டு ஆசையா வரலங்க" என்று சொல்லிக்கொண்டே டீ போடப் போவாள்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. பேகம்பூர்ப் பழைய இரும்புக் கடைகளைச் சுற்றுவேன். கிடைத்ததைக் கழுவித் துடைத்து அலமாரியில் அடுக்குவேன். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அரபி எழுத்துக் கீபோர்டு இருக்கிறது. எஃப்-1, எஃப்-2 என்று போகும் வரிசை மொத்தமும் இடது ஓரத்தில் இரண்டு பத்தியாக நிற்கும் பழங்காலத்து ரகம் இருக்கிறது. தோல் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்த பிரெஞ்சுக் கீபோர்டும் இருக்கிறது. அதில் 'ஏ'யும் 'க்யூ'வும் இடம் மாறி இருக்கும். அங்கே புதிதாக வந்த கணக்கர் ஒருவர் அதை வைத்து பில் அடித்து, முதலாளி அஹமதின் பெயரையே 'க்யூ'வில் ஆரம்பித்துவிட்டார். முதலாளி அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு, "எங்க அத்தா எனக்கு வச்ச பேரை மாத்த இவன் யாரு?" என்று எங்கள் சர்வீஸ் கடைக்கே வந்து நின்றார்.

இந்தக் கதைகளைக் கேட்டுச் சிரிக்கும் பையன்கள் கடைசியில் ஒன்று கேட்பார்கள். "இருக்கிறதுலயே ரேர் எது அங்கிள்?" நான் பேச்சை மாற்றிவிடுவேன். இந்த முறை அவர்கள் விடவில்லை. எழுதியாவது தாருங்கள் என்று நிற்கிறார்கள். எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எனக்கு வேலை கற்றுத் தந்தவர் தாமஸ் சார். மேற்கு ரத வீதிப் பக்கம் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருந்தார். ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த என்னைச் சேர்த்துக்கொண்டார். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தூசி தட்டினேன், திட்டு வாங்கினேன், வேலை வந்தது. சார் திட்டுவதும் யாருக்கும் கேட்காது. கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். உதடு மட்டும் அசைகிறது என்றால் அன்றைக்கு எனக்குக் கெட்ட நாள்.

ரிப்பேருக்கு ஒரு கீபோர்டு வந்தால் மற்ற கடைக்காரர்கள் "என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். சார் அப்படிக் கேட்கவே மாட்டார். "யாரு அடிக்கிறாங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். பதில் வருவதற்குள் கீபோர்டைக் கவிழ்த்து, விரித்துவைத்த செய்தித்தாளின்மேல் நாலு தட்டுத் தட்டுவார். சோற்றுப் பருக்கை, பீடிச் சாம்பல், தலைமுடி, மிளகுத்தூள் எல்லாம் உதிரும். அதைப் பார்த்தே எந்த ஆபீஸ் என்று ஓரளவு சொல்லிவிடுவார். பூட்டுக் கடைக் கீபோர்டில் எண்கள் மட்டும் தேய்ந்திருக்கும். பிரியாணிக் கடை பில் கவுண்டரிலிருந்து வந்ததில் எண்ணெய் ஏறி எழுத்தே இருக்காது. கீகளை அவர் பல் என்றுதான் சொல்வார். "இந்தப் பல்லைப் பிடுங்கு, அந்தப் பல்லை வெளக்கு" என்பார்.

பிடுங்குவதற்கும் ஒரு முறை உண்டு. வரிசை வரிசையாக எடுத்து, அதே வரிசையில் அட்டையின்மேல் வைக்க வேண்டும். மொத்தமாகக் கிண்ணத்தில் கொட்டக் கூடாது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நிழலில் உலர்த்தி, மறுபடி பொருத்திய பிறகு ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் முடியுமுன் புதுசு வாங்கச் சொல்லி வாடிக்கையாளரிடம் வாயைத் திறக்கக் கூடாது. "அவங்க கை பழகுன சாமான்லே அது. குப்பையில போடுன்னு சொல்ல நமக்கு என்ன உரிமை?" என்பார்.

இப்படியே பழகி, நான் தனியாக வெளி வேலைக்குப் போய்வரத் தொடங்கியிருந்த காலம். மலைக்கோட்டைக்குப் போகும் வழியில் ஓர் அச்சகம் இருந்தது. முதலாளி முருகேசன், ஒட்டன்சத்திரத்துக்காரர். யாரையும் 'ங்க' போடாமல் பேசமாட்டார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சர்ச் திருவிழா அழைப்பிதழ் எல்லாம் அங்கே அச்சாகும். ஆனால் அச்சகத்துக்குச் சோறு போட்டது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். ஆள் போய்ச் சேர்ந்த சேதி வந்த சூட்டோடு மேட்டர் வரும். உடலை எடுப்பதற்குள் சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்க வேண்டும். மகன், மருமகன், பேரன் பேர்கள் நீளமாக வரிசையாக இருக்கும். ஒரு பேர் தப்பினாலும் துக்க வீட்டில் சண்டை மூண்டுவிடும்.

மேட்டர் அடிப்பது ஸ்டெல்லா அக்கா. டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். கணவர் தவறிவிட்டார், மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். படம் வைப்பது, கட்டம் கட்டுவதெல்லாம் வேறு ஆள். அக்கா எழுத்தை மட்டும் அடிப்பார். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். வாசிப்பவருக்கு மூச்சு வாங்கும், அக்கா நிறுத்தமாட்டார். பெரும்பாலும் முதலாளியே வாசிப்பார். பார்த்து அடிப்பதைவிடக் கேட்டு அடித்தால் வேகம் என்று அக்கா சொல்வார், முதலாளிக்கும் அதில் ஒரு பெருமை. அச்சகம் திறந்த நாளிலிருந்து ஒரு வெளிநாட்டுக் கம்ப்யூட்டரில்தான் வேலை நடந்தது. அது படுத்துவிட்டது. சார் எவ்வளவோ முயன்றும் எழவில்லை. முதலாளி அதைக் கழித்துவிட்டுப் புதுசு வாங்கினார். அதே தமிழ் டைப்ரைட்டர் முறையை ஏற்றிக் கொடுத்தவன் நான்தான்.

மறுநாளே போன் வந்தது. "ஏனுங்க பாய், என்னத்தைங்க மாட்டிட்டுப் போனீங்க? கம்ப்யூட்டருக்குப் பேய் புடிச்சிருச்சுங்க."

போய்ப் பார்த்தேன். 'மகன்' என்று வரவேண்டிய இடத்தில் 'தபகட' என்று இருந்தது. பக்கம் முழுவதும் அப்படித்தான். நான் உட்கார்ந்து அடித்தேன், ஒழுங்காக 'மகன்' என்றே வந்தது. அக்கா அடித்தார், 'தபகட'. கீபோர்டை மாற்றினேன். மறுபடியும் அதே 'தபகட'. மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். எனக்கு ஒழுங்காக வந்தது, அக்காவுக்கு வரவில்லை. முதலாளி என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு, "பழசு மாதிரி ஒண்ணு கொண்டாங்க பாய். எனக்குச் சரியாயிரும்" என்றார்.

என்னை வாசல் வரை கூட்டிவந்த முதலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேத்து ஒரு போஸ்டரை இன்னொரு பிரஸ்ல குடுத்து அடிச்சனுங்க. நம்ம அம்மிணிதானுங்க, இல்லீங்கல. ஆனா எழவு வீட்டுக்காரன் காத்திருப்பானுங்களா? இந்த மாசம் பாக்கறனுங்க. சரிப்படலீன்னா வேற ஆளத்தான் பாக்கோணும்." சொல்லும்போது அவருக்கும் மனசில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்தப் புது மெஷினை மாட்டியவன் நான்.

சாரிடம் சொன்னேன். அவர் கேட்டது வழக்கமான கேள்விதான். "யாரு அடிக்கிறாங்க?"

"ஸ்டெல்லாக்கா சார்."

"அந்தப் புள்ளையா? அப்ப தப்பு கையில இல்லலே. பழசு வேணும்னு கை கேட்டா பழசைக் குடு. தேடு."

தேடினேன். கழித்துக் கட்டிய பழைய கீபோர்டு அதற்குள் எடைக்குப் போய்விட்டது. அதே ரகம் திண்டுக்கல்லில் யாரிடமும் இல்லை. பேகம்பூர்க் கடைகளில் குவியல் குவியலாகக் கிளறினேன். அகரத்தில் மூடிவிட்ட ஒரு டைப்பிங் சென்டரில் கேட்டேன். ரெட்டியார்சத்திரத்தில் ஒருவர் பரண்மேல் இருக்கிறது என்று சொல்லி வரவழைத்து, கால்குலேட்டரை எடுத்துக் காட்டினார். ஏறக்குறைய அதைப் போலத் தெரிந்த நாலைந்தை அக்காவிடம் கொண்டுபோனேன். அக்கா விரலை வைப்பார், 'தபகட' விழும். முதலாளி காகிதக் கட்டை எடுத்து அடுக்கத் தொடங்குவார். அக்காவின் மகளுக்கு அப்போதுதான் இரண்டாம் வருடம். அந்த வேலை போனால் படிப்பும் போகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் அது அய்யலூர் ஆட்டுச் சந்தையில் கிடைத்தது. சந்தை ஓரத்தில் பழைய சாமான் பரப்புகிறவர்கள் சிலர் உண்டு. ஒரு அம்மா தாம்புக் கயிறு, ஓட்டை டார்ச், மிக்சி மூடி என்று சாக்கில் பரப்பியிருந்தார். நடுவில் அதே ரகம் கிடந்தது. அதன் வயரை ஒரு வெள்ளாடு மென்றுகொண்டிருந்தது. ஆட்டை விரட்டிவிட்டு, மண்ணில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு கீயாக அமுக்கிப் பார்த்தேன்.

அந்த அம்மா பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டார். "ஏலே, இங்க பாருலே. அவனவன் கெடாய்க்குப் பல்லு பாத்து வாங்குறான். இவரு இதுக்குப் பல்லு பாக்குறாரு!" பிறகு என்னிடம், "எடுத்துட்டுப் போ அப்பு. அம்புட்டுப் பல்லும் நல்லாத்தான் இருக்கு, கடிக்காது" என்றார்.

எங்கோ கேரளத்து அச்சகத்திலிருந்து வந்த சாமான் போல. கீகளின்மேல் மலையாள எழுத்து ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. கழுவினேன், வயரை மாற்றினேன். புதுக் கம்ப்யூட்டருக்கு அந்தப் பழைய பிளக் பொருந்தாது. இடையில் போடும் கன்வர்ட்டர் ஒன்றை மதுரையிலிருந்து சார் வரவழைத்துக் கொடுத்தார். ஸ்டிக்கர்களைச் சுரண்டத்தான் நினைத்திருந்தேன். அதற்குள் அச்சகத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. அவசரப் போஸ்டராம். அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அக்கா விரலை வைத்தார். வைத்த உடனே அவர் தோள் இறங்கியது. முதலாளி வாசித்தார், அக்கா அடித்தார். மகன்கள், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள், மைத்துனர் வகையறா என்று ஒரு தப்பில்லாமல் வரிசையாக வந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதலாளி வாய்விட்டுச் சிரித்தபடி கீபோர்டின் பக்கம் குனிந்தார்.

"அட, மலையாளமுங்களே இது! அம்மிணி, மலையாளத்தைப் பாத்துட்டேவா இப்படித் தமிழ் அடிக்கறே?"

அக்காவின் கை நின்றது. "ஆமாங்க, நானும் பாத்தேன். அதனால என்ன?"

அக்கா பார்க்கவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. முதலாளி "அதுவுஞ் சரிதானுங்க" என்று மேட்டரின் அடுத்த வரிக்குப் போனார்.

கிளம்பும்போது அக்கா என்னோடு படி வரை வந்தார். "செத்த நேரம் இருங்க பாய்" என்று நிறுத்தினார். கண்ணில் நடுப்பகுதி மங்கிப் பல காலமாகிறதாம். ஓரம் தெரியும், அதனால் நடக்க, பஸ் ஏறச் சிரமமில்லை. எழுத்துதான் தெரியாது. "யாருக்கும் தெரியாது. முதலாளிக்குத் தெரிஞ்சா பாவம்னு நெனைப்பாரு. பாவம்னு நெனைச்சு எம்புட்டு நாளைக்கு வச்சிருப்பாரு?"

"அந்தக் கீபோர்டுல மட்டும் எப்படிக்கா வந்துச்சு?"

என் நடுவிரலைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் அழுத்திக் காட்டினார். "அதுல ரெண்டு மணி மாதிரி மேடு இருக்கு பாய். ன-வுல ஒண்ணு, ம-வுல ஒண்ணு, ரெண்டும் நடுவிரலுக்கு. புதுசுல எல்லாம் அது ஆள்காட்டி விரலுக்கு இருக்கும்போல. எனக்கும் இன்னிக்குத்தான் வெளங்குச்சு. ரெண்டு கையும் தள்ளிப் போயி அதது எடத்துல உக்காந்துச்சு."

ஓடிப்போய்த் தடவிப் பார்த்தேன். உண்மைதான். தமிழ் டைப்பிங்கில் இடது கைக்கு யளனக, வலது கைக்கு தமட. இப்போதைய கீபோர்டுகளில் அடையாள மேடு க-விலும் த-விலும் இருக்கும். அந்தப் பழைய ரகத்தில் ன-விலும் ம-விலும் இருந்தது. மேட்டைத் தேடிப் போகும் நடுவிரல்கள் புதுசில் க-வுக்கும் த-வுக்கும் போய்விட, இரண்டு கையும் ஒவ்வொரு எழுத்து உள்ளே நகர்ந்துவிட்டன. ம அடித்தால் த, க அடித்தால் ப, ன அடித்தால் க, கடைசிப் புள்ளிக்கு ட. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. மேடு இடம் மாறியதை நினைவில் வைத்து மெதுவாக அடித்தால் புதுசிலும் சரியாக வருமே என்று கேட்டேன். "விரலை நெனைச்சா காது போயிருது பாய், அவரு வாசிக்கிறது மனசுல நிக்கமாட்டேங்குது" என்றார்.

ஆடு மென்ற கீபோர்டை நம்பி ஒருவரின் பிழைப்பை விடமுடியாது. அது போனால் இன்னொன்றுக்கு எந்தச் சந்தைக்கு ஓடுவது? அதனால் புதுக் கீபோர்டு ஒன்றை எடுத்து, க, த இரண்டின் மேட்டையும் பிளேடால் சீவி, உப்புக் காகிதத்தால் தேய்த்து மட்டமாக்கினேன். ன-மேலும் ம-மேலும் ஊசி முனையால் பசை தொட்டு ஒவ்வொரு சொட்டு வைத்து உலர விட்டேன். தமிழ் ஸ்டிக்கர் ஒட்டிய கீபோர்டு அது. காய்ந்த பிறகு பார்த்தால் எழுத்தின் தலையில் சொட்டு உட்கார்ந்து ன், ம் என்று ஆகியிருந்தது. சாரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இலக்கணம் சரியாத்தான் இருக்குலே" என்றார். அவர் எப்போதாவதுதான் சிரிப்பார், அன்றைக்குச் சிரித்தார்.

அந்தக் கீபோர்டில் அக்கா தடையில்லாமல் அடித்தார். இதென்ன புள்ளி என்று முதலாளி கேட்டால் சொல்ல ஒரு பொய் தயார் செய்து வைத்திருந்தேன். கரண்ட் லீக் ஆகாமல் இருக்க வைத்தது என்பது அந்தப் பொய். அவர் கேட்கவே இல்லை. மலையாளக் கீபோர்டு அக்காவின் மேசைக்கடியில் பத்திரமாக இருந்தது. அதன்பின் அந்த அச்சகத்திலிருந்து கீபோர்டுக்காக என்னை யாரும் கூப்பிடவில்லை. பசைச் சொட்டு உதிர்ந்திருக்குமே, கீபோர்டும் மாறியிருக்குமே என்று நினைத்துக்கொள்வேன். அக்கா எப்படியோ பழகிக்கொண்டார் என்று விட்டுவிட்டேன். மகள் படித்து முடித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமும் ஆனது. பத்திரிகை அந்த அச்சகத்திலேயே அச்சானது. தாமஸ் சார் காலமானபோது அவருடைய போஸ்டரையும் அக்காதான் அடித்தார்.

இப்போது அக்காவும் வேலையை விட்டு மகளோடு இருக்கிறார். வேலையிலிருந்து நிற்கும்போது மலையாளக் கீபோர்டை என்னிடம் கொடுத்தனுப்பினார். பையன்களுக்கு நான் காட்டாத கீபோர்டு அதுதான்.

போன மாதம் பேகம்பூர்க் கடையில் ஒரு சாக்கு நிறையக் கீபோர்டு வந்திருந்தது. இப்போதெல்லாம் நான் கண்ணால் பார்ப்பதற்கு முன் விரலால்தான் தடவிப் பார்ப்பேன். முதல் கீபோர்டில் நடுவிரல் எதிலோ இடித்தது. ன-மேல் ஒரு புள்ளி, ம-மேல் ஒரு புள்ளி. க, த இரண்டும் சீவி மட்டமாக்கப்பட்டிருந்தன. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. சாக்கு முழுவதும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவை என் பசை இல்லை. கல்யாணப் பத்திரிகையில் தடித்து நிற்குமே, அந்தத் தங்க நிற மை.

நேராக அச்சகத்துக்குப் போனேன். முருகேசன் முதலாளிக்கு இப்போது நல்ல வயது. கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். ஒரு கீபோர்டை அவர் முன் வைத்தேன். எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்பங்க தெரியும் உங்களுக்கு?"

"மலையாளத்தைப் பாத்தேன்னு சொல்லுச்சு பாருங்க, அன்னிக்குத்தானுங்க. நீங்க வச்ச புள்ளி ஒரு நாளு உதிந்து போச்சுங்க. அம்மிணி சாப்பிடப் போயிருந்த நேரமா நானே ஒரு சொட்டு வச்சுப்போட்டேன். அப்புறம் எப்ப மாத்துனாலும், எல்லா மேசைக்கும் வச்சேதான் போட்டனுங்க. அது எங்க வேணா உக்காந்து அடிக்கட்டுமுன்னு."

"அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க?"

"சொன்னா அப்பறம் அது வேலைக்கு வருமுங்களா? சங்கடப்படுமுங்க."

வீட்டுக்கு வந்ததும் பொறுக்கமாட்டாமல் அக்காவுக்குப் போன் செய்தேன். இத்தனை காலம் கழித்துச் சொன்னால் மனம் உடைந்துவிடுமோ என்ற பயத்தோடுதான் சொன்னேன். அந்தப் பக்கம் அக்கா சிரித்தார்.

"எனக்குத் தெரியும் பாய். உங்க புள்ளி சொரசொரன்னு இருக்கும். ஒருநா சாப்பிட்டுட்டு வந்து கை வச்சேன், வழவழன்னு இருந்துச்சு. பத்திரிகையில அம்புட்டுத் தடவியிருக்கேன், அந்த மை எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏங்க்கா அவருகிட்ட ஒண்ணும் சொல்லல?"

"எப்படிச் சொல்றது பாய்? சங்கடப்படுவாரு."